திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன்: சட்டத்தைச் சேரிக்குச் சொன்னவர்

திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் திருநாமத்தை நம் சங்கத்து அங்கத்தினரில் அறியாதவர் இரார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் மார்பில் பதக்கங்களும் விளங்க அவர் வீற்றிருக்கும் படம் நம்மவர் பலரின் இல்லங்களில் இருக்கின்றது. லண்டன் மாநகரில் நடைபெற்ற வட்டமேஜை மகாநாட்டிற்கு டாக்டர் அம்பேத்கருடன் சென்றவர் என்பதும் சிறுவர் முதல் யாவரும் அறிந்ததே. ஆயினும் அம்மகாநாட்டிற்குச் செல்வதற்கு முன் நாற்பது வருஷ காலம் அப்பெரியார் செய்த தொண்டு இன்னது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் நம்முள் மிகச் சிலரே. அரசாங்கம் எதைச் செய்தது, நியாயஸ்தலம் எதைத் தீர்த்தது, சட்டசபையில் எது நிறைவேறிற்று, வோட்டு யாருக்கு உண்டு என்னும் செய்திகளை, அவற்றைக் கேட்கவே வழியில்லாமல் வைக்கப்பட்டிருந்த ஜனங்களின் வாசற்படிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவருடைய ஜீவியத் தொழிலாக இருந்தது. அதைப்பற்றியே இவ்வியாசம்.

இரட்டைமலை என்பது ஊர்ப்பெயரோ பட்டப்பெயரோ அன்று; அவருடைய தந்தையாரின் பெயர். சிப்பாய்க் கலகம் அடங்கிய இரண்டொரு வருஷங்களுக்குள், செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் கிராமத்தில் ஜூலை மாதம் 7-ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். கல்வி பெற்றது கோயமுத்தூரில். அங்கே அவர் வாசித்த கலாசாலையில் மாணாக்கர் ஏறக்குறைய நானூறு பேர். அவர்களில் பத்துப்பேர் நீங்கலாக மற்றையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் குலமும் குடும்பமும் இன்னவென்று பிறர் விசாரித்துவிடுவரோ என்று அஞ்சி, விளையாட்டு வேளையில் எவரோடும் கலவாமல் ஒதுங்கியிருந்து, வகுப்பு ஆரம்பமாகும் மணி அடித்த பின்னரே உள்ளே செல்வது அவர் வழக்கமாயிருந்தது. இதனை அவரே தம் முதுமையில் 1939-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறிய சுயசரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார். பெயரையும் பிறப்பையும் மறைத்துப் பாடம் படித்த அந்தப் பிள்ளைதான், பின்னாளில் அப்பெயரையே பெரிய எழுத்தில் அச்சிட்டு நகரத்தின் வீதிகளில் விற்கச் செய்தவர் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வியாபார ஸ்தாபனத்தில் கணக்கராகச் சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். ஒடுக்கப்பட்டோர் சரித்திரத்தில் அந்தச் சமயம் முக்கியமானது. செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் துரை, அந்த ஜில்லாவிலுள்ள பறையர்களின் நிலையைப்பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல், கடனுக்கும் அடிமைத்தனத்துக்கும் உட்பட்டுக் கிடந்தவர்களின் வாழ்வு அவ்வறிக்கையில் விவரிக்கப்பட்டது. அதன் பயனாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் அளிக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்குவது அதுவே. அந்நிலத்தைக் குறிப்பிட்ட காலம்வரை விற்கலாகாது, அதன்பின் விற்பதானாலும் அதே வகுப்பினருக்கே விற்கவேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டாயிற்று.

உத்தரவு நல்ல உத்தரவுதான். அது இங்கிலீஷில் எழுதப்பட்டது, கச்சேரியில் இருந்தது. அதைப் படித்துச் சொல்லவேண்டிய கர்ணமும் மணியக்காரரும் எந்த வகுப்பைச் சேர்ந்தவர், எவருடைய நிலத்துக்குக் கூலியாள் வேண்டியவர் என்பதை நான் எழுதத் தேவையில்லை. பல ஊர்களில் தபால் ஆபீஸும் கிராம நியாயஸ்தலமும் சேரி ஜனங்கள் கால்வைக்கக்கூடாத தெருக்களில் இருந்தன. ஒருவன் பெயருக்கு வந்த காகிதத்தைக்கூட அவன் நேரில் சென்று வாங்குவதற்கில்லை. இப்படிப்பட்டவனுக்குக் கவர்ன்மெண்டார் அளித்த உரிமை, பூட்டிய பெட்டிக்குள் வைத்த பொருளைப் போன்றது. பெட்டி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மேற்சொன்ன உத்தரவு பிறந்த மறுவருஷம், 1893 அக்டோபர் மாதம், சீனிவாசன் அவர்கள் ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பறையன். நாலு பக்கம், மாதம் ஒரு முறை, விலை இரண்டணா. முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய் என்றும், நானூறு பிரதிகள் இரண்டே நாளில் செலவாயின என்றும் அவர் குறித்திருக்கிறார். மூன்று மாதங்களுக்குள் அது வாரப் பத்திரிகையாயிற்று. பின்னர்ச் சொந்த அச்சுக்கூடமும் ஏற்பட்டது. எழுத்தறிந்தோர் சொற்பமாயிருந்த அக்காலத்தில் நானூறு பிரதி என்பது நானூறு பேர் மாத்திரம் அறிந்தது என்று கணக்கிடுதல் பிழையாகும். ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளைய வழக்கம்.

பத்திரிகையின் பெயரைப்பற்றி அப்போதே கடும் வாதம் எழுந்தது. அவருடைய சகோதரியை மணந்தவராகிய பண்டிதர் அயோத்திதாசர் அப்பெயரை ஏற்கவில்லை. பகைவர் சூட்டிய இழிபெயரை நாமே தலையில் சுமப்பதா என்பது பண்டிதரின் கருத்து. இம்மக்கள் பூர்வ பௌத்தர் என்று நிலைநாட்ட அவர் பின்னாளில் பெரிதும் உழைத்ததும், 1907-இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் பத்திரிகையைத் தொடங்கியதும் நாம் அறிந்தனவே. சீனிவாசன் அவர்களின் எண்ணம் வேறு. தன் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவன் தன் உரிமையைக் கேட்கத் துணியான். ஆகவே எந்தப் பெயரால் தாழ்த்தினார்களோ அந்தப் பெயராலேயே எழுந்து நின்று பேசவேண்டும் என்று அவர் கருதினார். இவ்விருவரில் யார் கருத்துச் சரி என்று இன்றும் நம் வீட்டுத் திண்ணைகளில் தர்க்கம் நடக்கிறது. 1922-இல் சென்னைச் சட்டசபையில் ராவ்பகதூர் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசாங்கத் தஸ்தாவேஜுகளில் ஏறியபோது பண்டிதரின் பக்கம் வென்றதாகச் சிலர் சொல்வர். எனக்குத் தோன்றுவது இது: கோயமுத்தூர்க் கலாசாலையில் மணி அடிக்கும் வரையில் வெளியே நின்ற அப்பிள்ளையின் மனத்திலிருந்து வேறு பெயர் வந்திராது.

பத்திரிகையின் வேலை செய்தி சொல்வதோடு நிற்கவில்லை. அதை நடத்தியவரே பறையர் மகாஜன சபையையும் நடத்தினார். ஆகவே பத்திரிகையில் படித்தது சபையில் மனுவாக மாறும். 1893-ஆம் ஆண்டில், இந்தியா சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனில் மட்டுமன்றி ஏககாலத்தில் இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று பார்லிமெண்டின் காமன்ஸ் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. காங்கிரஸ்காரர் அதைக் கொண்டாடினர். சீனிவாசன் அவர்களோ அவ்வருஷ டிசம்பரில் சென்னையில் வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி அதை எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீளமுள்ள மனு ஒன்று பார்லிமெண்டிற்கு அனுப்பப்பட்டது.

இச்செயலைத் தேசத்துரோகம் என்று அக்காலத்திலும் பிற்காலத்திலும் தூற்றியவர் உண்டு. அதனை மூடி மறைத்துச் சரித்திரம் எழுதுவது முறையன்று. அவருடைய நியாயத்தை எடுத்துச் சொல்லுவதே முறை. பரீட்சை இங்கே நடந்தால் அதில் தேறுவோர் அனைவரும் பள்ளிக்கூடக் கதவு தங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் வகுப்பினராகவே இருப்பர். அவ்வகுப்பினரே கலெக்டராகவும் ஜட்ஜாகவும் வந்து அமர்ந்தால் சேரியான் முறையிடப் போகுமிடம் எது என்பதே அவர் வினா. அவ்வினாவுக்கு அன்று யாரும் நேராக விடை சொல்லவில்லை. இன்னொன்றையும் நாம் பார்க்கவேண்டும். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சபையில் நிறைவேறிய தீர்மானம், சில மாதங்களுக்குள் சென்னைச் சேரிகளில் விளக்கிச் சொல்லப்பட்டு, மூவாயிரத்துச் சொச்சம் பேர் அதைப்பற்றித் தம் கருத்தைக் கையொப்பத்தால் தெரிவித்தார்கள். வோட்டு என்னும் சொல்லே அவர்களுக்கு எட்டாதிருந்த காலம் அது. 112 அடி நீளக் காகிதமே அன்று அவர்களுடைய வோட்டுப் பெட்டி.

பத்திரிகை நடத்துகிறவர் நியாயஸ்தலத்தையும் காணவேண்டி வரும். வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை வெளியிட்டதற்காக 1896-இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. விசாரணையன்று நம் ஜனங்கள் பணத்தை முடிந்துகொண்டு கோர்ட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அபராதம் அங்கேயே கட்டப்பட்டது. தினக்கூலி அணாக்கணக்காயிருந்த காலத்தில் நூறு ரூபாய் என்பது என்ன தொகை என்று நம் வீட்டு முதியோரைக் கேட்டால் சொல்லுவார்கள்.

ஏழு வருஷம் பத்திரிகை நடந்தது. 1900-இல் சீனிவாசன் அவர்கள் இங்கிலாந்து சென்று நேரில் முறையிட எண்ணிக் கப்பலேறினார். விதி அவரை ஆபிரிக்காக் கண்டத்தில் இறக்கிற்று. முதலில் கிழக்காபிரிக்காவிலும், பின்னர்த் தென்னாபிரிக்காவில் நேட்டால் மாகாணத்திலும் ஏறக்குறைய இருபது வருஷம் தங்கிவிட்டார். பத்திரிகையோ நின்றுவிட்டது. அவருடைய வாழ்வில் இது ஒரு வெற்றிடம் என்று எழுதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நேட்டாலில் அவர் பார்த்த உத்தியோகம் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களில் சேரியிலிருந்து சென்றோரும் மிகப் பலர். சம்பளம் கொடாத எஜமானன்மீது பிராது சொல்லவும், ஓடிப்போனான் என்று குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கவும் அவர்கள் கோர்ட்டுக்கு வருவார்கள். அங்கே வழங்கும் பாஷை அவர்களுக்குத் தெரியாது. கைதிக்கூண்டில் நிற்பவனுக்கு அவன்மீதுள்ள குற்றம் இன்னது, தீர்ப்பு இன்னது என்று தாய்மொழியில் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? சென்னையில் அச்செழுத்தால் செய்த வேலையையே அவர் அங்கே வாய்மொழியால் செய்தார். அந்நாட்டில் வக்கீலாயிருந்த காந்தியடிகள் தமிழில் கையெழுத்திடக் கற்றதும் இவரிடம்தான் என்பர்.

1921-இல் தாயகம் திரும்பினார். அதற்குள் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை ராஜதானியில் புதிய சட்டசபை ஏற்பட்டிருந்தது. சொத்தும் வரியும் உடையவர்க்கே வோட்டு. அதன் கருத்து, நம்மவரில் பெரும்பாலோர்க்கு வோட்டு இல்லை என்பதே. ஆகவே நம்மவர் பிரதிநிதிகள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் கவர்னரால் நியமிக்கப்பட்டனர். சீனிவாசன் அவர்களும் 1923-இல் அவ்விதமே நியமன அங்கத்தினராகச் சபையுள் சென்றார்.

அங்கே அவர் கொண்டுவந்தவற்றுள் தலையாயது 1924 ஆகஸ்டு 22-ஆம் நாள் தீர்மானம். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொதுக் கச்சேரி, கிணறு, குளம், பொதுஜனங்கள் கூடும் இடம் யாவற்றிற்கும் சாதி இந்துக்கள் எவ்வாறு செல்கிறார்களோ அவ்வாறே தாழ்த்தப்பட்டோரும் செல்லலாம் என்பதே அதன் சாரம். சபை அதை ஏற்றுக்கொண்டது. கவர்ன்மெண்டாரும் அதனை உத்தரவாக வெளியிட்டு ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அனுப்பினர்.

இத்தீர்மானத்தால் என்ன நேர்ந்தது என்று வினவலாம். மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை. தடுத்தவனைத் தண்டிக்கும் பிரிவு அத்தீர்மானத்தில் இல்லை. தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல்தான் இந்த ராஜதானியில் பிறந்தது. இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டாயிற்று. அதற்கு முன் தெருவில் நடந்தவன் வழக்கத்தை மீறியவன். அதற்குப் பின் அவனைத் தடுத்தவனே அரசாங்க உத்தரவை மீறியவன். இவ்வித்தியாசத்தை அறிந்தவனுக்குத்தான் அது பயன்படும். தீர்மானம் நிறைவேறியதை அறியாத சேரியில் பழைய வழக்கமே சட்டமாக நின்றது.

வட்டமேஜை மகாநாட்டைப்பற்றி அதிகம் விரிக்கப்போவதில்லை. 1930-இலும் 1931-இலும் நடந்த கூட்டங்களுக்கு அவர் சென்றார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை நம் மேடைகளில் ஆண்டுதோறும் கூறப்படுகிறது. அதை மீண்டும் இங்கே எழுதுவதைக் காட்டிலும், மேடைகளில் கூறப்படாத ஒன்றை எழுதுவது நலம். டாக்டர் அம்பேத்கரும் அவரும் கையொப்பமிட்டு மகாநாட்டில் ஒரு விஞ்ஞாபனம் சமர்ப்பித்தார்கள். அதில் தனித்தொகுதி கேட்டார்கள் என்பது யாவர்க்கும் தெரியும். முதற் பத்து வருஷத்துக்கே தனித்தொகுதி. அதன்பின் வயதுவந்தோர் அனைவர்க்கும் வோட்டுரிமை இருக்குமாயின் ஒதுக்கிய ஸ்தானங்களுடன் பொதுத்தொகுதி போதும் என்று அவ்விஞ்ஞாபனத்தில் கண்டிருப்பதை அறிந்தவர் சிலரே. சொத்துள்ளவனுக்கு மட்டும் வோட்டு என்னும் ஏற்பாடு இருக்குமட்டும் பொதுத்தொகுதியால் கூலியாளுக்குப் பயனில்லை என்பதை அவ்விருவரும் நன்கு உணர்ந்திருந்தார்கள்.

பின் நடந்தவை பிரசித்தம். 1932-இல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி அளித்த வகுப்புத் தீர்ப்பு, எரவாடாச் சிறையில் காந்தியடிகளின் உபவாசம், செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம். அதற்குச் சில மாதங்களுக்கு முன் எம். சி. ராஜா அவர்கள் பொதுத்தொகுதியை ஆதரித்து டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்திருந்தமையால் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சியும் தம்பி ஒரு கட்சியுமாய் இருந்த குடும்பங்களை நம் முதியோர் அறிவர். பூனா ஒப்பந்தத்தில் ராஜா அவர்களும் சீனிவாசன் அவர்களும் ஆகிய இருவருமே கையொப்பமிட்டார்கள். வகுப்புத் தீர்ப்பின்படி மாகாணச் சபைகளில் 71 ஆக இருந்த ஸ்தானங்கள் ஒப்பந்தத்தால் 148 ஆயின. சென்னைக்கு மட்டும் 18-க்குப் பதிலாக 30.

ஸ்தானம் பெருகிற்று, வோட்டுப்போடும் முறையோ சிக்கலாயிற்று. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒதுக்கப்பட்ட தொகுதிகளுக்கு இரண்டு தேர்தல் உண்டு. அபேட்சகர் நால்வருக்கு மேற்பட்டால், முதலில் நம் வகுப்பு வோட்டர் மட்டும் வோட்டளித்து நால்வரைத் தெரிந்தெடுக்கவேண்டும். பிறகு அந்நால்வருள் ஒருவரைத் தொகுதியிலுள்ள எல்லா வகுப்பினரும் சேர்ந்து தெரிந்தெடுப்பர். முதல் தேர்தல் என்று ஒன்று நடப்பதையே அறியாத சேரியான், இரண்டாவது தேர்தலன்று பண்ணையார் அழைத்துச் சென்ற வண்டியில் ஏறிப்போய் வோட்டளித்து வந்தால் ஒப்பந்தத்தின் பயன் யாருக்குச் சேரும்? முதல் தேர்தலில்தான் நம் கை ஓங்கியிருந்தது. அதனைத் தெரிந்திருந்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி. பறையன் பத்திரிகை அந்த வருஷத்தில் இருந்திருக்கலாகாதா என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் முறையே 1926, 1930, 1936 ஆகிய ஆண்டுகளில் அவருக்கு வந்தன. 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் அவர் காலமானார். விஞ்ஞாபனத்தில் கேட்ட வயதுவந்தோர் வோட்டுரிமை 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டத்தோடு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக அச்சட்டத்தின் 17-ஆவது ஷரத்து விதித்தது. 1951-இலும் 1952-இலும் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சொத்தில்லாத ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று வோட்டளித்ததைக் காண அவர் இருக்கவில்லை.

பறையன் பத்திரிகையின் இதழ்களில் பெரும்பாலானவை இக்காலத்தில் கண்ணிற்படுவதில்லை. ஏழு வருஷம் வாரந்தோறும் அச்சான காகிதங்கள் அடியோடு அழிந்திருக்குமென்று நம்ப மனம் வரவில்லை. நம் அங்கத்தினரின் பூர்வீக வீடுகளில், பழைய பெட்டிகளிலும் பரணிலும், கலியாணப் பத்திரிகைகளோடும் பட்டாக்களோடும் கலந்து ஒரு தாளாவது இருக்கக்கூடும். அவ்வாறு எவரிடமேனும் இருக்குமாயின், கிழிந்ததென்றும் கறையானரித்ததென்றும் எண்ணி விட்டுவிடாமல், சங்கத்துக் காரியதரிசிக்குத் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பியனுப்பச் சங்கம் பொறுப்பேற்கும்.